நடுவில் ஓடுகிறவன்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "உங்களுக்குப் பிடித்த ஃபுட்பால் ஆட்டக்காரர் யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் மூணாவது, நாலாவது டிவிஷனில் நடுக்களத்தில் ஓடிக்கொண்டே இருக்கிற, நம்மூரில் யாருக்கும் பெயர் தெரியாத மிட்ஃபீல்டர்கள்தான் என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான். சொத்து வரி, பென்ஷன் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளவும்.

கே: மெஸ்ஸி, ரொனால்டோ எல்லாம் இருக்கும்போது நாலாவது டிவிஷன் ஆளைப் பிடிக்கும் என்கிறீர்களே சார், அவர்கள் மேலே போக முடியாமல் தோற்றுப் போனவர்கள்தானே?
(வாசகர், அல்சூர்)

ப: உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளையா? இல்லை. அவரைத் தோற்றுப்போன ராஜரத்தினம் பிள்ளை என்று யாராவது சொன்னார்களா? அவர் தொழிலை அவர் செய்தார், தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் சரியாக விழுந்தது, முடிந்தது. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று டிவிஷனில் தலா 24 கிளப், மொத்தம் 92. பிரீமியர் லீக்கை விட்டுவிட்டால் மீதி 72 கிளப்பிலும் சனிக்கிழமை சனிக்கிழமை ஆட்டம் நடந்தாக வேண்டும், அதை யாராவது ஆடியாக வேண்டும். பதினாறு வயதில் அகாடமியில் சேர்கிற பையன்களில் பதினெட்டு வயதில் கையெழுத்து வாங்கி உள்ளே நிறுத்தப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்களுக்கு "நன்றி, போய் வா" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சல்லடையில் நின்று, பதினைந்து வருஷம் அதையே தொழிலாகச் செய்து, அதிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆளைத் தோற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கே: லீக் ஒன் என்றால் முதல் டிவிஷன்தானே? என் மகன் இல்லை என்கிறான்.
(வாசகி, மர்ஃபி டவுன்)

ப: மகன் சொல்வதுதான் சரி. லீக் ஒன் என்பது மூணாவது படி, லீக் டூ என்பது நாலாவது படி. 2004-இல் பெயரை மாற்றினார்கள், அன்றிலிருந்து இந்தக் குழப்பம். ரெண்டாவது படிக்குப் பெயர் சாம்பியன்ஷிப், அதில் இருப்பவர்கள் யாரும் நாட்டின் சாம்பியன் கிடையாது. லீக் டூவிலும் கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் அஞ்சாவது படியான நேஷனல் லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள்.

கே: ஒரே ஒரு பெயராவது சொல்லுங்கள். பொத்தாம் பொதுவாகப் பேசினால் எப்படி நம்புவது?
(கல்லூரி மாணவர், ஃப்ரேசர் டவுன்)

ப: கேரி ஜோன்ஸ். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1977-இல் பிறந்தவர், நடுக்களம். வேல்ஸில் கார்னார்வன் என்ற சின்ன கிளப்பில் இருந்து 1997-இல் ஸ்வான்ஸீ சிட்டிக்கு வந்தார். அப்போது ஸ்வான்ஸீ நாலாவது படி. அங்கிருந்து அடுத்த வருஷமே ராச்டேல், அப்புறம் பார்ன்ஸ்லி, அப்புறம் 2004-இல் திரும்பவும் ராச்டேல். இந்த ராச்டேல் இருக்கிறதே, அது 1974-இல் கடைசி டிவிஷனுக்கு இறங்கி 36 வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்த கிளப். மேலேயும் போகாது, கீழேயும் விழாது. அந்தக் கடைசி டிவிஷனையே ஊர்க்காரர்கள் கிண்டலாக ராச்டேல் டிவிஷன் என்பார்களாம். 2010-இல் ஒருவழியாக மேலே வந்தது, அப்போது கேப்டன் ஜோன்ஸ்.

2012-இல் அவருக்கு 35 வயது. நம் கம்பெனிக் கணக்கில் பாதி சர்வீஸ், ஃபுட்பால் கணக்கில் ரிட்டயர்மென்ட். அந்த வயதில் பிராட்ஃபோர்ட் சிட்டி என்ற நாலாவது படி கிளப் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கேப்டன் ஆக்குகிறது. அந்த சீசன் நாலு டிவிஷன் கிளப்புகளும் மோதுகிற லீக் கோப்பையில் பிராட்ஃபோர்ட் முதலில் விகானைத் தோற்கடித்தது, அப்புறம் ஆர்சனலைப் பெனால்டியில் வீழ்த்தியது, அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 4–3 என்று ஆஸ்டன் வில்லாவையும் சாய்த்தது. மூன்றும் அன்றைக்குப் பிரீமியர் லீக் அணிகள். வெம்ப்ளியில் இறுதி ஆட்டம், எதிரே யார் தெரியுமா? ஸ்வான்ஸீ. அவரை முதலில் லீக்குக்குள் கொண்டுவந்த அதே கிளப், இதற்குள் பிரீமியர் லீக் வரை ஏறிவிட்டிருந்தது. 5–0 என்று உதைபட்டார்கள். ஆனால் மூணே மாதத்தில் அதே வெம்ப்ளிக்குத் திரும்பி வந்து, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் நார்தாம்ப்டனை 3–0 என்று அடித்து லீக் ஒன்னுக்கு ஏறினார்கள்.

இன்னொன்று, இது எனக்கு மட்டும்தான் சுவாரசியமோ என்னவோ. லீக் கோப்பை இறுதி வரை போன நாலாவது டிவிஷன் அணிகள் இரண்டு: 1962-இல் ராச்டேல், 2013-இல் பிராட்ஃபோர்ட். இரண்டு ஊரிலும் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார் இந்த மனிதர். இவரைத்தான் நம்மூரில் யாருக்கும் தெரியாது.

கே: சம்பளம் எவ்வளவு வரும்? கோடிக்கணக்கில் என்றுதானே டிவியில் சொல்கிறார்கள்.
(வாசகர், சிவாஜி நகர்)

ப: டிவியில் சொல்வது மேல்மாடிக் கணக்கு. கீழே எப்படி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கொரோனா சமயம், 2020 ஆகஸ்டில், லீக் டூ கிளப்புகள் கூடி ஓட்டுப் போட்டு ஒரு உச்சவரம்பு வைத்தார்கள்: வருஷத்துக்கு ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு கிளப் 15 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. லீக் ஒன்னுக்கு 25 லட்சம். ஆட்டக்காரர்கள் சங்கம் சும்மா விடவில்லை, நடுவர் மன்றத்துக்குப் போய் 2021 பிப்ரவரியில் அதை ரத்து செய்யவைத்தது. அது வேறு கதை. ஆனால் அந்த 15 லட்சத்தை ஒரு 23 பேருக்குச் சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு வருஷம் 65,000 பவுண்ட் சொச்சம், வாரத்துக்கு 1,250, அதுவும் வரிக்கு முன்னால். இது நான் பேப்பரில் போட்ட கணக்கு, யாருடைய சம்பளச் சீட்டும் இல்லை. கோல் அடிக்கிறவன் இதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்வான், பத்தொன்பது வயதுப் பையனுக்கு மிச்சம் மீதி. ஒரு பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு 65 லட்சமா என்று வாயைப் பிளக்காதீர்கள், செலவும் பவுண்டில்தான், அதுவும் முப்பத்தஞ்சு வயதோடு நின்றுவிடும்.

பழைய காலம் இன்னும் மோசம். 1961 ஜனவரி வரைக்கும் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று லீக் விதியே இருந்தது. ஜிம்மி ஹில் என்ற ஃபுல்ஹாம் ஆட்டக்காரர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்று அதை உடைத்தார். உடைந்த கையோடு அதே ஃபுல்ஹாமின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட். நம் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலை யூனியன் கதைகள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கே: இப்படி ஊர் ஊராகப் போகிறவருடைய மனைவி, பிள்ளைகள் நிலைமை? ஆண்கள் யாரும் இதைக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நான் கேட்கிறேன்.
(இல்லத்தரசி, விவேக் நகர்)

ப: நல்ல குட்டு அம்மா, வாங்கிக்கொண்டேன். பெங்களூரில் வாடகை வீட்டுக்குப் பதினொரு மாத அக்ரிமென்ட் போடுகிறோமே, அந்த மாதிரிதான் அவர்கள் பிழைப்பே. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஒப்பந்தம், முடிவது ஜூன் 30. சீசன் முடிந்ததும் மே மாதம் கிளப் ஒரு பட்டியல் போடும்: இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களை விடுகிறோம். பெயர் இரண்டாவது வரிசையில் இருந்தால் ஜூலையில் புது கிளப்பில் பயிற்சி ஆரம்பிப்பதற்குள் வேலை தேட வேண்டும், வீடு பார்க்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். நடு சீசனில் ஜனவரியில் இன்னொரு ஊருக்குக் கடனாக அனுப்பிவிட்டால், அவர் மட்டும் ஏதோ ஒரு லாட்ஜில், குடும்பம் பழைய ஊரில். மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ வேலை இருந்தால் அந்த வேலையை விட்டுவிட்டு இவர் பின்னாலேயே போவதா என்று ஒவ்வொரு மே மாதமும் வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். டோனி ஃபோர்ட் என்று ஒருவர், பெரும்பாலும் வலது ஓரத்தில் ஆடியவர், 1975-இல் பதினாறு வயதில் கிரிம்ஸ்பியில் தொடங்கி 2001-இல் ராச்டேலில் முடித்தார். 931 லீக் ஆட்டம். அவர் ஓய்வு பெற்றபோது கோல்கீப்பர் அல்லாதவர்களில் அதுதான் சாதனை. இடையில் ஸ்டோக், வெஸ்ட் ப்ராம், ஸ்கந்தார்ப், மான்ஸ்ஃபீல்ட் என்று ஊர்கள். அரசாங்கம் அவருக்கு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. அத்தனை தடவை வீட்டுச் சாமான் கட்டிய மனைவிக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்.

கே: மிட்ஃபீல்டர் அங்கே என்னதான் செய்வார்? பந்து எப்போது பார்த்தாலும் ஆகாயத்தில்தானே இருக்கிறது!
(வாசகர், காக்ஸ் டவுன்)

ப: ஆகாயத்தில் இருக்கிற பந்து கீழே வரத்தானே வேண்டும். அங்கேதான் நம் ஆள் வேலை. கோலி, அதாவது கோல்கீப்பர், நீளமாக உதைப்பார், இரண்டு உயரமான ஆட்கள் எம்பித் தலையால் முட்டுவார்கள், பந்து எங்கேயோ தெறிக்கும். அந்தத் தெறிப்புக்கு செகண்ட் பால் என்று பெயர். அது எங்கே விழும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து அங்கே நிற்கிறவன்தான் கீழ் டிவிஷனில் நல்ல மிட்ஃபீல்டர். மாட்சுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி ஓட்டம் பந்தே வராத இடத்துக்கு. வராமல் போனதற்கே இவன் அங்கே நின்றதுதான் காரணம், ஆனால் அதை எந்தப் பேப்பரும் எழுதாது.

அப்புறம் நாட்காட்டி. லீக் மட்டுமே 46 ஆட்டம், அதற்கு மேல் கோப்பைகள். சனிக்கிழமை மதியம் ஒன்று, செவ்வாய் ராத்திரி மழையில் ஒன்று. கார்லைலும் பிளிமத்தும் ஒரே டிவிஷனில் இருந்த வருஷங்களில் ஒரு மாட்சுக்குப் போக 600 கிலோமீட்டருக்கு மேல் பஸ், இங்கிருந்து திருநெல்வேலி போகிற தூரம், ஆடிவிட்டு அன்று ராத்திரியே திரும்பவும் அதே பஸ். ஜனவரியில் மைதானத்தின் நடுப்பகுதி நெல் நாற்று நடுகிற வயல் மாதிரி ஆகிவிடும், அந்த நடுப்பகுதிதான் இவன் ஆபீஸ். எதிராளி வேகமாக வந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்குவதும் வேலையில் ஒரு பகுதி. ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது: முதல் 19 லீக் ஆட்டத்துக்குள் அஞ்சு மஞ்சள் சேர்ந்தால் ஒரு ஆட்டம் வெளியே. விவரமான ஆள் நாலோடு நிறுத்தி, இருபதாவது ஆட்டம் வரை சாதுவாக இருப்பான்.

கௌதமபுரத்தில் பீலே சிலைக்குப் பக்கத்து சந்துகளில் பையன்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் பீலே ஆகத்தான் ஆசை, பந்தைக் காலில் வைத்து வெட்டி வெட்டி ஓடுவார்கள், கைதட்டு வாங்குவார்கள். பந்து பறிபோனால் திரும்பி ஓடுகிறவன் ஒருத்தன் இருப்பான், சத்தம் போட்டுக்கொண்டே. அவனைப் பாருங்கள்.

கே: பெங்களூரு எஃப்.சி. முதல் கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட்தானே பர்ன்லியில் மிட்ஃபீல்டராக ஆடியவர்? நண்பனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.
(வாசகர், ஆஸ்டின் டவுன்)

ப: பந்தயத்தில் தோற்றீர்கள், பணத்தைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேர், ஒரே பெயர். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே குரூ அலெக்ஸாண்ட்ரா என்ற ஒரே சின்ன கிளப்புக்கு ஆடியவர்கள், அதனால் குழம்புவதில் தப்பில்லை. நம் கோச் 1976-இல் பிறந்தவர், தடுப்பாட்டக்காரர். மான்செஸ்டர் யுனைடெட் இளைஞர் அணியில் இருந்து குரூ வந்து, பிறகு பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, நார்தாம்ப்டன், ரெக்ஸ்ஹாம், கிராலி என்று அந்த நாட்டையே சுற்றியவர். பர்ன்லிக்காரர் 1990-இல் பிறந்தவர், மிட்ஃபீல்டர், குரூ அகாடமிப் பிள்ளை. குரூவில் ஆடிக்கொண்டிருந்தவரை 2012-இல் ஆஸ்டன் வில்லா வாங்கியது, 2017-இல் பர்ன்லி, பிறகு அமெரிக்காவில் ஷார்லட்.

நம் வெஸ்ட்வுட் 2013-இல் இங்கே வந்தபோது, புது கிளப், அசோக் நகர் ஸ்டேடியத்தில் செயற்கைப் புல், முதல் வருஷமே அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக் கோப்பை. அவரோடு வந்த ஜான் ஜான்சனும் நார்தாம்ப்டனில் ஆடிய டிஃபெண்டர்தான். நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஜான்சன் ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் நிற்கிறவனைக் கத்திக் கூப்பிட்டு இடம் மாற்றுவார். அந்தக் கத்தல்தான் கீழ் டிவிஷன் படிப்பு. நம் பசங்களுக்குத் திறமை அப்போதும் இருந்தது, தொண்டை இல்லை.

கே: எட்டாம் நம்பர் ஏன் மிட்ஃபீல்டருக்கு?
(ஏழாம் வகுப்பு மாணவி, எச்.ஏ.எல். விமானபுரம்)

ப: பழைய காலத்தில் 2-3-5 என்று நிற்பார்கள் கண்ணு. கோலிக்கு 1, அங்கிருந்து வரிசையாக எண்ணினால் முன்னால் நிற்கும் அஞ்சு பேரில் வலது உள்பக்கம் ஆடுபவருக்கு 8. காலப்போக்கில் அவரைப் பின்னால் இழுத்து நடுக்களத்தில் போட்டுவிட்டார்கள், நம்பர் கூடவே வந்துவிட்டது.

கே: ஒரே கிளப்பில் இருந்து கீழிருந்து மேல் வரை போனவர் யாராவது உண்டா? கதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாக.
(சாஃப்ட்வேர் ஊழியர், எலெக்ட்ரானிக் சிட்டி)

ப: உண்டு, அவரும் மிட்ஃபீல்டர்தான். பெல்லி ரடக் மபான்ஸு. லண்டன் பையன், வெஸ்ட் ஹாமில் முதல் அணியில் இடம் கிடைக்காமல் 2013 கடைசியில் லூட்டன் டவுனுக்கு வந்தார். அப்போது லூட்டன் அஞ்சாவது படியில் கிடந்தது. பணக் குளறுபடிகளுக்காக 2008–09 சீசனை மைனஸ் 30 புள்ளியோடு தொடங்கவைத்தார்கள், அதோடு லீக்கை விட்டே வெளியே விழுந்து அஞ்சு வருஷம். 2014-இல் திரும்பி உள்ளே, 2018-இல் லீக் ஒன், 2019-இல் சாம்பியன்ஷிப், 2023 மே மாதம் வெம்ப்ளியில் கோவென்ட்ரியோடு 1–1, பெனால்டியில் 6–5, பிரீமியர் லீக். நாலு தடவையும் அணியில் இவர் இருந்தார். அஞ்சாவது படியிலிருந்து முதல் படி வரை ஒரே கிளப்போடு ஏறிய முதல் ஆட்டக்காரர் என்று பெயர். மேலே ஒரு வருஷம்தான், 2024-இல் இறங்கிவிட்டார்கள், 2025-இல் இன்னொரு படியும் சறுக்கல்.

அந்த லூட்டன் மைதானம் கெனில்வொர்த் ரோடு, அதை வீடியோவில் தேடிப் பாருங்கள். வெளியூர் ரசிகர்கள் நுழைகிற வாசல் வரிசை வீடுகளுக்கு நடுவே, மாடியில் ஒரு குடும்பம் குடியிருக்க, கீழே சந்து மாதிரி போகிறது. படியேறும்போது பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி காய்வது தெரியும். மர்ஃபி டவுன்காரனுக்கு இது ஏதோ நம் தெரு மாதிரியே இருக்கும்.

கே: நம் தமிழ்ப் பிள்ளைகள் யாரும் இல்லையா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், அல்சூர்)

ப: இருக்கிறார் ஐயா. விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், வேல்ஸில் வளர்ந்தவர், 2006-இல் பிறந்தவர், அவரும் மிட்ஃபீல்டர். 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லிக்காக லீக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடினார். பிரிட்டனில் தொழில்முறை ஃபுட்பால் ஆடிய முதல் தமிழர் என்று செய்தி வந்தது. பார்ன்ஸ்லி அப்போது லீக் ஒன், கேரி ஜோன்ஸ் ஒரு காலத்தில் ஆடிய அதே பார்ன்ஸ்லி. உடனே உலகக்கோப்பையில் எப்போது என்று கேட்டு அந்தப் பிள்ளையின் தலையில் பாறாங்கல்லை வைக்காதீர்கள். வருஷத்துக்கு முப்பது ஆட்டம் தொடர்ந்து ஆடட்டும், அதுவே பெரிய விஷயம்.

கே: என் மகனுக்குப் பதினைந்து வயது, நடுக்களத்தில் நன்றாக ஆடுகிறான். ஒரு ஏஜென்ட் இங்கிலாந்தில் லீக் டூ கிளப்பில் ட்ரையல் ஏற்பாடு செய்கிறேன், ஆறு லட்சம் கட்டுங்கள் என்கிறார். மனைவியின் நகையை வைத்துக் கட்டலாமா?
(ஒரு தகப்பனார், கௌதமபுரம்)

ப: கட்டாதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்யுங்கள், அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

காரணம் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பையனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப் பதிவு செய்வதை ஃபிஃபா தடை செய்திருக்கிறது. பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத வேலை காரணமாகக் குடிபெயர்ந்தால் அது வேறு, அந்த மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு, உங்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய யூனியனை விட்டு வந்த பிறகு, 2021-லிருந்து, இங்கிலாந்து கிளப்புகள் வெளிநாட்டுப் பதினெட்டுக்குட்பட்ட யாரையும் சேர்க்கவே முடியாது. பதினெட்டு ஆன பிறகும் வொர்க் பர்மிட்டுக்குப் புள்ளிக் கணக்கு: தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம், அந்த நாட்டின் ரேங்க் என்ன, எந்த லீக்கில் ஆடினான். நம் சுனில் சேத்ரிக்கே 2009-இல் என்ன ஆனது? க்யூ.பி.ஆர். என்ற லண்டன் கிளப் மூன்று வருஷ ஒப்பந்தம் பேசி முடித்தது, இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று பர்மிட் தரவில்லை. பிற்பாடு இந்திய கேப்டன் ஆனவருக்கே அந்தக் கதி என்றால் ஆறு லட்சம் கட்டிய பையனுக்கு யார் கொடுப்பார்கள்?

உண்மையாகவே ஒரு கிளப்புக்கு உங்கள் பையன் வேண்டுமென்றால் செலவு அவர்களுடையது. பணம் கேட்கிற ட்ரையல் என்பது சுற்றுலா, கூட ஒரு ஜெர்சி தருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படிப் போய், லண்டனுக்கு வெளியே ஒரு பூங்காவில் நாலு நாள் ஆடிவிட்டு, சான்றிதழ் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறது. அவன் இங்கேயே மாவட்ட லீக்கில் பெரிய ஆட்களோடு மோதட்டும், பத்தாவது பரீட்சையையும் எழுதட்டும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கே: நம் இந்திய அணியின் பாய்ச்சுங் பூட்டியா அங்கே ஆடினாரே, எப்படிப் போனார்?
(வாசகர், சிவாஜி நகர்)

ப: அவர் முன்களத்தில் ஆடிய ஃபார்வர்ட், நடுக்களம் இல்லை, ஆனாலும் கேட்டதற்காக. 1999-இல் பெரி என்ற மூணாவது படி கிளப்புக்குப் போனார், 2002 வரை 37 லீக் ஆட்டம், 3 கோல். இடையில் காயம், கிளப்பில் பணக் கஷ்டம். அந்த பெரி 1885-இல் தொடங்கிய கிளப். எஃப்.ஏ. கோப்பையை இரண்டு தடவை வாங்கியது, 1903 இறுதியில் 6–0. அப்படிப்பட்ட கிளப்பை 2019 ஆகஸ்டில் கடன் பிரச்சினையால் லீக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். சீசன் தொடங்குகிற நேரம், ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் தெருவில். பெரிய கிளப் மூழ்கினால் நட்சத்திரங்களை வாங்க வரிசையில் நிற்பார்கள், இந்த ஆட்களுக்கு யார் வருவார்கள் சொல்லுங்கள். ரசிகர்கள் விடவில்லை, 2023-லிருந்து பழைய கிக் லேன் மைதானத்திலேயே கீழ்ப்படியில் மறுபடி ஆடுகிறார்கள்.

கே: முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு இவர்கள் என்ன செய்வார்கள்? நீங்களும் ஆடியவர் என்று கேள்வி, நீங்கள் என்ன செய்தீர்கள்?
(வாசகர், காக்ஸ் டவுன்)

ப: முதலில் நேஷனல் லீக், அப்புறம் அதற்கும் கீழே, அங்கே பகுதிநேர ஆட்டம், பகலில் வேறு வேலை. பிளம்பிங், எலெக்ட்ரிக் வேலை, உடற்பயிற்சி ஆசிரியர், சிலருக்குச் சொந்தக் கடை. நீல் வார்னாக் என்று ஒருவர் செஸ்டர்ஃபீல்ட், ராதரம், ஹார்ட்டில்பூல் என்று கீழ் டிவிஷன் விங்கராக இருந்தபோதே பாத வைத்தியம் படித்து வைத்திருந்தார், பிற்பாடு மானேஜராகி எட்டுத் தடவை அணிகளை மேலே ஏற்றினார். கேரத் எய்ன்ஸ்வொர்த் வலது பக்க மிட்ஃபீல்டர், ராக் பாடகர் வேறு. விக்கம்ப் கிளப்பில் ஆடிக்கொண்டே 2012-இல் மானேஜர் ஆனார். 2014-இல் கடைசி நாள் கோல் கணக்கில் தப்பித்தார்கள், இல்லாவிட்டால் லீக்கை விட்டே போயிருப்பார்கள். அதே ஆள் 2020-இல் அந்தக் கிளப்பை அதன் வரலாற்றில் முதல் தடவையாக ரெண்டாவது படிக்குக் கொண்டுபோனார். ஆனால் இந்த இருவரும் விதிவிலக்கு. பெரும்பாலானவர்கள் ஒரு மே மாதம் பட்டியலில் பெயர் இல்லாமல் போய், ஜூலையில் யாரும் கூப்பிடாமல், ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம் செய்ய வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் கதை சின்னது. ஒரு தொழிற்சாலை அணியில் ஒன்பது வருஷம் நடுக்களம். பி டிவிஷன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் ப்ராக்டிஸ், மதியம் ஸ்டோர்ஸில் ரெஜிஸ்டர். முழங்கால் போன வருஷம் மானேஜர் கூப்பிட்டு இனிமேல் முழு நேரம் ஸ்டோர்ஸ்தான் என்றார், அவ்வளவுதான், பென்ஷன் வரைக்கும் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். ஒரு விஷயத்தில் அந்த வெள்ளைக்காரனைவிட நமக்கு அதிர்ஷ்டம்: கால் போனாலும் வேலை போகவில்லை. கோல் எத்தனை என்று கேட்காதீர்கள். நாலு. அதில் ஒன்று நம் கோலுக்குள்ளேயே.

இங்கே சனிக்கிழமை ராத்திரி ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை, அங்கே மூணு மணி ஆட்டம் தொடங்குகிற நேரம். அந்த நேரத்தில் எனக்கு போன் செய்கிறவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.